இரண்டு புள்ளிகள்

நூர் அகமது சட்டைக்கு மேலாகவே வயிற்றுத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார். ஆபரேஷன் நடந்து இரண்டு வருடம் ஆகியும், நியூஜெர்சி குளிரில் அது சுருக்கென்று இழுக்கும்.

காரை ஓட்டி வந்த தங்கை தாஜ் நிஷா, ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் இன்ஜினை அணைத்தாள். "அண்ணே, காலைல இருந்து ஒண்ணுமே சாப்பிடல. இந்த வாழைப்பழத்தையாவது சாப்பிடுங்க."

"தொண்டைல இறங்காது தாஜு. ஸ்கேன்ல திரும்ப வந்திருந்தா?"

"வந்திருந்தா ட்ரீட்மென்ட் பண்ணுவாங்க. நீங்க தைரியமா இருந்தாத்தான் எனக்கும் தெம்பு."

"ஃபைஹாகிட்ட என்ன சொல்றது?" என்று கேட்டார். தங்கை மகள் ஃபைஹாவுக்குப் பத்து வயது. மாமா என்றால் உயிர்.

"நான் பக்குவமா சொல்லிக்கிறேன்." கைப்பையில் மாத்திரை டப்பா இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

டாக்டர் திருமூர்த்தி கோயம்புத்தூர்க்காரர். இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"மாத்தி வெச்ச லிவர் நல்லாத்தான் இருக்கு. ஆனா பழைய கேன்சர் திரும்பிடுச்சு. நுரையீரல்ல ரெண்டு புள்ளி தெரியுது, பாருங்க."

நூர் அகமது மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். தாஜ் நிஷா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"குணமாயிடுமா டாக்டர்?" அவள்தான் கேட்டாள்.

"முழுசா குணமாகும்னு சொல்ல மாட்டேன்மா. மாத்திரை குடுத்து, வளர விடாம கொஞ்ச காலம் பிடிச்சு வைக்கலாம். ரெண்டு மூணு வருஷம் நல்லா இருந்தவங்களும் இருக்காங்க."

அவள் அழவில்லை. மாத்திரை எத்தனை வேளை, என்னென்ன பக்கவிளைவு வரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஃபோனில் குறித்துக்கொண்டாள்.

நூர் அகமது நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "இன்னொரு ட்ரான்ஸ்ப்ளான்ட் பண்ணிட்டா?"

"வெளிய பரவிட்டா, புது லிவர் வெச்சாலும் பலன் இல்ல சார். எந்த ஆஸ்பத்திரியிலயும் பண்ண மாட்டாங்க."

நூர் அகமது எழுந்து டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தாஜ் நிஷா, "அண்ணே, வேணாம்..." என்று தடுப்பதற்குள் அவர் விம்மி வெடித்தார்.

"நான் குடுத்த பாதி லிவர் எனக்குத் திரும்ப வளர்ந்துடுச்சு டாக்டர்... என் தங்கச்சிக்கு இன்னொரு தடவை எடுத்துக்கோங்க!"