ஏழு புட்டிகள்

"டேய் சென்றாயா, கதவைச் சாத்திப்போடு, வாசம் வெளிய போயிரும்" என்று பதறினார் காளியண்ணன்.

சென்றாயன் தாழ்ப்பாளைப் போட்டான். தறிகளுக்கு நடுவே பாய் விரித்து ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே செம்பழுப்புக் கண்ணாடியில் ஏழு சீமைப் புட்டிகள், கழுத்துவரை நிறைந்து நின்றன.

"இதுல ஒசந்தது எதுங்கண்ணா?"

"அந்தக் கடைசிப் புட்டி. நாப்பது வருசம் ஊறின சரக்கு."

அந்த நேரம் பார்த்துத்தானா லத்தியால் கதவை இடிக்க வேண்டும்!

"தொறய்யா! மதுவிலக்குப் போலீஸ்!"

ஏட்டு தங்கசாமி உள்ளே வந்தார். எடப்பாடிப் பக்கம் அவர் பெயரைச் சொன்னால் சாராயப் பானை தானே கவிழ்ந்துகொள்ளும் என்பார்கள். புட்டிகளைப் பார்த்ததும் அவர் மீசை துடித்தது.

"ஜில்லா பூராவும் கடையை மூடி எட்டு மாசமாச்சு. இங்க பிராந்தி விருந்தா?"

"ஐயோ, டீத்தண்ணிங்க ஏட்டய்யா!" என்றார் காளியண்ணன். "என்ற மச்சான் சண்முகவேலு கப்பல்ல பட்லருங்க. ஊர் ஊரா ஒசந்த டீயெல வாங்கி அனுப்பிச்சிருக்கானுங்க. பால் ஊத்தினா கெட்டுப்போகும்னு காயிதம் போட்டிருக்கான், அதானுங்க பால் நெறம் இல்லை."

"டீயை எவன்யா பிராந்திப் புட்டியில ஊத்துவான்?"

"நூலுக்குப் பக்கத்துல அடுப்பு ஆகாதுங்களே. என்ற ஊட்டுக்காரி ராமாத்தா உள்ள காச்சித் தர்றா. கடை மூடுனதுல காலிப் புட்டி சும்மாவே கெடைச்சுதுங்க, அதுல ஊத்திக் கொண்டாந்தோம்."

"பிடிபட்டவன் பூராவும் இப்படித்தான் கதை சொல்றான்" என்றார் ஏட்டு.

காளியண்ணன் பயந்தார். தம்மை நினைத்து அல்ல. சுற்றி இருந்த ஐந்து பேரும் ஒரு காலத்தில் கள்ளுக்கடையே கதியென்று கிடந்தவர்கள். கடை மூடிய பிறகு சாயங்காலம் ஆனால் கை நடுங்கும், கால் எங்கோ இழுக்கும். அந்த ஒரு நாழிகையைக் கடத்த அவர்கள் கையில் ஏதாவது ஒரு குவளையைக் கொடுக்க வேண்டும் என்றுதான் அவர் தினமும் டீ ஊற்றி, முருகன் மேல் இரண்டு பாட்டும் பாட வைத்தார்.

சென்றாயன் பெண்டாட்டி குஞ்சம்மாள் எட்டு மாதமாகத்தான் பயமில்லாமல் தூங்குகிறாள். இன்று ஏட்டு ஒரு வரி எழுதிவிட்டால் ஐந்து குடும்பத்திலும் அந்தத் தூக்கம் போய்விடும்.

"மோந்து பாருங்க ஏட்டய்யா, தெரிஞ்சு போயிரும்."

"மோந்து பாத்து எழுதினா கோர்ட்டுல நிக்காது. குடிச்சுப் பாத்தாத்தான் ருசு."

ஏட்டு பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இடுப்பிலிருந்து ஓர் இலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வறுத்த கடலையும் ஓரத்தில் மாங்காய் ஊறுகாயும் இருந்தன. "விசாரணை நீளும். ஊத்து" என்றார்.

"இது டார்ஜிலிங்குங்க. குளிர் விட்டதும் மொதமொதல்ல கிள்ளுன கொழுந்து."

ஏட்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக் காத்திருந்தார். "இது இல்லை. அடுத்தது."

"இது சீனத்து டீங்க. மல்லியப்பூவுக்குள்ள போட்டு வாசம் ஏத்துனது."

"என்ற பொண்டாட்டி கொண்டையக் கரைச்சுக் குடிச்ச மாதிரி இருக்குது. அடுத்தது!"

மூன்றாவது பார்மோசாத் தீவு டீ. நான்காவது இலங்கையில் வெள்ளி ரோமம் படர்ந்த மொட்டு மட்டும் பறித்தது. இரண்டுக்கும் ஏட்டு உதட்டைப் பிதுக்கினார். ஐந்தாவது ஜப்பான் பொடி. அதில் அவர் மீசை பச்சையாகிவிட்டது. வட்டத்தில் இருந்த மணியன் சிரிப்பை அடக்க முடியாமல் தறிக்குழிக்குள் குனிந்துகொண்டான்.

ஆறாவதைக் குடித்ததும் ஏட்டுக்கு இருமல் வந்தது. கண்ணில் தண்ணீர் தளும்பியது. "ஆகா! நெஞ்சைப் புடிக்குதுய்யா! இன்னொரு குவளை ஊத்து!"

போச்சு, மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தார் காளியண்ணன். "விறகுப் புகையில வாட்டுன எலைங்க, அதான் காந்துது" என்றார் ஈனக்குரலில்.

ஏட்டு மூன்று குவளை குடித்துவிட்டுத் தலையை அசைத்தார். "ஆமா. வெறும் புகைதான்."

மிச்சம் இருந்தது ஏழாவது.

"இதுதானே நாப்பது வருசச் சரக்குன்னு நான் வெளிய நின்னு கேட்டது?"

"ஆமாங்க. சீனத்து மலையில நாப்பது வருசமா மூடி வெச்ச டீங்க."

ஏட்டு குவளையைக் கேட்கவில்லை. புட்டியை அப்படியே தூக்கி அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை வாயில் கவிழ்த்துக்கொண்டார். காளியண்ணன் உதடு முருகா, முருகா என்று முணுமுணுத்தது.

ஏட்டு காலிப் புட்டியைக் கீழே வைத்தார். பிறகு எழுந்தார். தலைப்பாகையைக் கழற்றினார். கதவு சாத்தியிருக்கிறதா என்று தாமே ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, காளியண்ணன் காதருகே குனிந்தார். குரல் அழாக்குறையாக இருந்தது.

"மறைக்காமச் சொல்லு சாமி, ஒத்தப் புட்டியிலகூடவா சாராயம் இல்லை?"