கிண்ணத்தோடு வந்த நாத்தனார்

இந்த முறை தலையாட்டிவிடக் கூடாது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, மூத்த நாத்தனார் தான் கொண்டுவந்த கண்ணாடிக் கிண்ணத்தை மீன்தொட்டியருகில் வைக்கிறாள். வெயில் எட்டாத அந்த மூலையில், குளிர்ந்த நீரில், விரல் நீளம்கூட இல்லாத மீன்கள் அத்தனையும் ஒரே உடம்பாகத் திரும்புகின்றன. "இத்தனையில ரெண்டு போனா உனக்குத் தெரியவா போகுது? என் மேசைக்கு அழகா இருக்கும்." "கூட்டத்தோடதான் இதுங்க இருக்கும் அண்ணி. ரெண்டா பிரிச்சா இரை எடுக்காது, பயந்தே செத்துடும்." நாத்தனார் தம்பியின் பக்கம் திரும்புகிறாள். "அடேயப்பா, மீனுக்கு வக்கீலா நிக்கிறா பாரு உன் பொண்டாட்டி." கணவன் செல்போனிலிருந்து நிமிராமல், "குடுத்துடேன், அக்கா ஆசையா கேக்குறா" என்கிறான். அவளுடைய தையல் மெஷினும் அப்படித்தான் போனது. நாத்தனாரின் கை, தொட்டியோரம் இருந்த சிறு வலையை எடுக்கிறது. நிழல் விழுந்ததும் மீன்கள் நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. அவள் தொட்டியை மூடி, மூடியின்மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொள்கிறாள். "டீ போட்டுத் தரேன் அண்ணி. மீன் தர மாட்டேன்."