உப்பில்லாத வீடு

குளுக், குளுக் என்று பாட்டிலிலிருந்து தண்ணீர் இறங்கும் சத்தம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், விடியற்காலைத் தூக்கத்தில் கங்காதரன் அதைப் பல நாள் கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டில் செடிக்கு ஊற்றுகிறார்கள் என்று புரண்டு படுத்துக்கொள்வார்.

அப்போதெல்லாம் செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு ஒரே வேலைதான். மனைவி கல்யாணியைப் பழைய காரில் உட்காரவைத்து, மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போவது.

ஒரு வெள்ளிக்கிழமை திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. ஒரே மாதத்தில் மூன்றாவது தடவை. நல்லவேளை, மெக்கானிக் ஜெபக்குமாரின் பட்டறை கூப்பிடு தூரத்தில் இருந்தது.

"இன்னா நைனா, மறுபடியுமா? ஓஸ் மாத்தினேன், கிளாம்பு மாத்தினேன், மூடியும் மாத்தினேன். இன்னும் எங்கதான் ஒழுவுது?"

"சீக்கிரம் பாருப்பா. செவ்வாக்கெழமயே போவ முடியல. இன்னிக்கும் வுட்டா அவளுக்கு மூச்சு முட்டிக்கும்."

சூடு ஆறியதும் ஜெபக்குமார் ரேடியேட்டரைக் கழற்றினான். வாயை அடைத்து, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கினான். ஒரு இடத்தில் இல்லை, ஐந்தாறு இடத்தில் குமிழி வந்தது. ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டி நாக்கு நுனியில் வைத்துத் துப்பினான்.

"உப்பு."

"எங்க வூட்ல உப்பே கெடையாதுப்பா. அவளுக்கு ஆவாதுன்னு டாக்டர் சொன்னாரு. நானும் வுட்டுட்டேன். மூணு வருசமாச்சு."

"அப்ப கடல் தண்ணி. வூட்டுக்குப் பின்னாலதான கடல் கீது? ரெண்டு மாசமா ஊத்திகினு இருந்தாத்தான் இப்பிடி அரிக்கும்."

கங்காதரன் மறுக்க வாயெடுத்தார். தற்செயலாகப் பின்சீட்டைப் பார்த்தார்.

கல்யாணி குனிந்துகொண்டாள். குளியலறை வரை நடக்கவே அவர் கையைப் பிடிக்கிறவள். அவள் சேலைக் கரையில் ஈர மணல் ஒட்டியிருந்தது.

"நான்தான் ஊத்தினேன்" என்றார்.

"மனுசனா நீ? பொண்டாட்டி உசுரே இந்த வண்டியிலதான் ஓடுது. கூலன்ட் வாங்குற காசுல மிச்சம் புடிச்சியா? கடலோரத்துல பொறந்தவனுக்கு உப்பு இன்னா பண்ணும்னு தெரியாது?"

"தெரியும்."

"தெரிஞ்சே ஊத்தினியா?"

கங்காதரன் போய்ப் பின்கதவைத் திறந்தார்.

ஜெபக்குமார் ஓர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினான். "அம்மா, பாத்து ஏறுங்க" என்று கல்யாணிக்குக் கை கொடுத்தான். அவரிடம் திரும்பினான். "வேற ரேடியேட்டர் மாட்டி வெக்கிறேன். ஒனக்காவ இல்ல, அந்தம்மாவுக்காவ."

கங்காதரனும் ஏறிக்கொண்டார். ஆட்டோ வெகுதூரம் போன பிறகு கல்யாணி சொன்னாள். "வண்டி செத்துட்டா நீ வுட்டுடுவேன்னு நெனச்சேன்."

"எத?"

"என்னத்தான். ஒனக்கும் எழுவது ஆவுது. கண்ணு வேற சரியில்ல. வாரத்துக்கு ரெண்டு நாளு இப்பிடி ரோட்டுல கெடந்து..."

"பஸ்ல இட்டுகினு போயிருப்பேன்."

"என்னால படி ஏற முடியாதே."

"தூக்கினு ஏறுவேன்."

"கிழிச்ச. ஒன்னத் தூக்கவே ஆளு வேணும்."

அவர் சிரிக்கவில்லை. அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கிளம்புமுன் கங்காதரன் பானெட்டைத் திறந்துவைத்தார். புதுக் கூலன்ட் கேனைக் கொண்டுவந்து கல்யாணியின் கையில் கொடுத்தார்.

"இனிமே நீதான் பாத்து ஊத்தணும்."

கல்யாணி கேனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன நம்பறியா?"

"கோடு வரைக்கும் ஊத்து. நேரமாவுது."

அவள் ஊற்றினாள். குளுக், குளுக் என்றது.

அதற்குப் பிறகு வண்டி எங்கேயும் நிற்கவில்லை. ஜெபக்குமார் மட்டும் இன்றைக்கும் கங்காதரனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

கல்யாணி பதினான்கு மாதம், ஒரு முறைகூடத் தவறாமல், ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். போன ஆடியில் இறந்தாள்.