மேளத்துக்கு ஊட்டிய சோறு

பர்மாவில் ஒரு புத்தர் கோயில் திருவிழா மேடையில் மஞ்சள் வெயில் சாய்கிறது. வட்டமாகத் தொங்கும் மேளங்களின் நடுவே உட்கார்ந்து, சாம்பலோடு பிசைந்த சோற்றை ஒவ்வொரு தோலிலும் அப்புகிறான் கோ மியாட். அப்பும்போதெல்லாம் மேளத்தின் சுருதி இறங்குகிறது. பாட வேண்டிய அவன் மனைவி மா சீன் யீக்குக் காலையிலிருந்து தொண்டை கட்டியிருக்கிறது. கூட்டமோ பாய் விரித்துக் காத்திருக்கிறது. அவள் பானையோடு வந்து நிற்கிறாள். "கோ மியாட், ராத்திரிச் சோறு எங்க? எல்லாத்தையும் மேளத்துக்கே ஊட்டிட்டியா?" "உன் தொண்டைக்குத்தான். இன்னிக்குக் கீழ்ச் சுருதியிலயே பாடு." "குழல்காரர் சும்மா விடுவாரா? அவர் குழல் இவ்வளவு கீழ இறங்காதே." "இந்தப் பாட்டுக்கு அவர் வெத்தில போடட்டும்." அவன் விரலால் தட்டுகிறான். கரகரத்த குரலில் அவள் முதல் அடியை எடுக்கிறாள். அது மேளத்தின் ஒலியில் வாகாகப் போய் உட்காருகிறது. அவள் பானையின் அடியைச் சுரண்டி, ஒரு கவளத்தை அவன் பக்கம் நீட்டுகிறாள். "அந்தப் பெரிய மேளத்துக்கு இன்னும் பசி அடங்கல, பாரு."