நான்கு நொடி

பாட்டு மறுபடியும் நின்றது.

நான்கு முழு நொடி. ஒரு பொட்டுச் சத்தமில்லை.

"அடப்பாவி!" என்றாள் வாய்விட்டு.

பிறகு வந்தது. அதே வேகம், அதே தாளம், ஒன்றுமே நடக்காதது போல. ஹெட்போனை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தயிர்சாதம் டப்பாவில் அப்படியே இருந்தது.

பத்து வருடமாக இந்த சைக்கடெலிக் எலக்ட்ரானிக் இசையைத் தேடித் தேடிக் கேட்கிறாள். ஒவ்வொன்றும் இருபது நிமிடம் ஓடும். மாவு மிஷின் சத்தம் என்று வீட்டில் திட்டுவார்கள். எல்லோரும் சத்தத்தின் மேல் சத்தமாக அடுக்கிக்கொண்டே போவார்கள். இப்படி உச்சிக்குக் கொண்டுபோய்ப் பட்டென்று நிறுத்த இதுவரை ஒருவனுக்கும் துணிச்சல் வந்ததில்லை.

இந்தப் பாட்டு இன்று காலைதான் கண்ணில் பட்டது. போட்ட ஆள் யாரென்று தெரியாது. இதுவரை கேட்டவர்கள் நாற்பத்தோரு பேர்.

இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

சினிமா ஸ்டுடியோவின் ஒலிக்கலவை அறையில் அவளைத் தவிர முபாரக் பாய் மட்டும்தான் இருந்தார். வசனங்களை வெட்டி ஒட்டுபவர். நாளைக் காலை ஒன்பது மணிக்கு டைரக்டர் படத்தைக் கேட்க வருகிறார். ஒன்பது வருடம் அடுத்தவர் பெயரில் ஒலிக்கலவை செய்தவளுக்கு, தன் பெயரில் வரும் முதல் படம்.

ஹெட்போனை அவர் தலையில் மாட்டினாள்.

"பாருங்க பாய், இப்ப நிக்கும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பதினோராவது நிமிடம் வந்தது. போனது. தலை ஆடிக்கொண்டே இருந்தது.

"எங்கம்மா நின்னுச்சு? அது பாட்டுக்கு இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் ஓடுது. எனக்குத் தலையே சுத்துது."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

ஹெட்போனில் ஒரு பக்க ஒயர் பழுதாக இருக்கும், அவர் தலையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். இருக்கட்டும், கடவுளே.

வாங்கி இடம் வலம் மாற்றி மாட்டினாள். பழுதென்றால், மாற்றி மாட்டினாலும் பாட்டு அதே இடத்தில்தான் நிற்க வேண்டும்.

பதினோராவது நிமிடம்.

நிற்கவில்லை.

மணிகள். வலது காதில் நூறு மணிகள், ஒன்றையொன்று துரத்திக்கொண்டு. அந்த நான்கு நொடியும் நிரம்பி வழிந்தது. அவ்வளவு அழகு.

அது முடிந்ததும், இதுவரை கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் பாட்டு நின்றது.

இடது காதருகே விரலைச் சொடுக்கினாள். இன்னொரு முறை. நகத்தால் ஹெட்போனைச் சுரண்டினாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று நாளாக ஜலதோஷம். காது அடைத்திருக்கிறது, தானாகச் சரியாகிவிடும் என்று ஆவி பிடித்துவிட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

மூன்று நாளாக.

முதல் ரீலை ஓட்டினாள். மழைக்காட்சி. இரண்டு நாள் உட்கார்ந்து, சன்னலுக்கு வெளியே இடது பக்கம் மெல்லப் பெய்கிறாற்போல் வைத்த மழை.

மாற்றி மாட்டிய ஹெட்போனில், வலது காதில் அது அறைந்தது. தகரத்தில் ஜல்லியைக் கொட்டியது போல. கதாநாயகி ஏதோ சொன்னாள். உதடு மட்டும்தான் அசைந்தது.

ஹெட்போனைக் கழற்றினாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாய், இந்த மழை உங்களுக்கு எப்படிக் கேக்குது?"

முபாரக் பாய் கொஞ்சம் தயங்கினார்.

"நானே கேக்கணும்னு இருந்தேன். ரெண்டு நாளா ஏத்திக்கிட்டே போற. வசனமே காதுல விழல." அவளைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். "நீ பண்ணா சும்மா பண்ண மாட்டியேம்மா. அதான் வாய மூடிக்கிட்டேன்."