ஃபயர்வாலைத் தட்டிய ஆள்

“மறுபடியும் தட்டுறான்!” என்று அலறினார் சுரேஷ்குமார். கையிலிருந்த காபியில் பாதி அவர் சட்டைக்குப் போனது.

திரையில் சிவப்பாக ஒரு வரி. காலை பத்தரைக்கு நெட்வொர்க்கின் 1001-ஆம் எண் கதவைத் தட்டிய அதே இன்டர்நெட் முகவரி, இப்போது பன்னிரண்டே காலுக்கு 1002-ஐத் தட்டியிருந்தது.

ஆழ்வார்பேட்டையில் மூன்றாவது மாடி ஆபீஸ் அது. வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர்களுக்குக் காவல் இருப்பதுதான் வேலை. நாளைக் காலை அந்தக் கம்பெனி ஆட்கள் சோதனைக்கு வருகிறார்கள். ஒரு ஓட்டை தெரிந்தாலும் கான்ட்ராக்ட் போய்விடும். சுரேஷ்குமார் மேனேஜராகி மூன்றே வாரம்தான். அதற்கு முன் விற்பனைப் பிரிவில் இருந்தவர், ஃபயர்வாலைத் தீயணைப்புச் சமாசாரம் என்று முதல் வாரம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தவர்.

ஃபயர்வாலைப் பார்த்துக்கொள்வது அன்புக்கரசி. அன்று அவள் முகமே சரியில்லை. அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், அரை நாள் லீவு வேண்டும் என்று காலையில் கேட்டாள். “நாளைக்கு ஆடிட்டை வெச்சுக்கிட்டு லீவா?” என்று மறுத்துவிட்டார். போனில் விசாரிக்கவும் வழியில்லை. அந்த மாடிக்குள் போன் கொண்டுவரக் கூடாது, எல்லார் போனும் கீழே செக்யூரிட்டியிடம்தான். சாயங்காலம் வரை யாரும் கீழே இறங்கக் கூடாது என்று ஆடிட்டுக்காக இன்றைக்கு இன்னோர் உத்தரவும் இருந்தது.

“யாரும்மா இவன்? சீனாவா, ரஷ்யாவா?”

“சைதாப்பேட்ட சார்.”

சுரேஷ்குமாருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். “இங்க சென்னைன்னு மட்டும்தானே போட்டிருக்கு?”

“ஒரு குத்துமதிப்பா சொன்னேன் சார்.”

“சரி, நாளைக்கு அவங்க கேட்டா நான் பதில் சொல்லணும். இந்த ரூலெல்லாம் எப்படி வேலை செய்யுது?”

“வர்ற ஒவ்வொரு தகவல் பாக்கெட்டையும் நிறுத்தி, எங்கேர்ந்து வர்ற, எந்தக் கதவுக்குப் போறன்னு ஃபயர்வால் பாக்கும் சார். அப்பால இந்த லிஸ்ட்டை மேலேர்ந்து கீழ படிக்கும். முதல்ல எந்த ரூல் பொருந்துதோ, அது சொன்னதைச் செஞ்சுட்டு அதோட நிறுத்திடும். அதுக்குக் கீழ இருக்கறதைத் திரும்பிக்கூட பாக்காது. இதோ, இதுதான் கடைசி ரூல். மேல எதுலயும் சேராதது எதுவா இருந்தாலும் தூக்கிப் போடு, லாக் ஃபைல்ல எழுதி வை.”

“தூக்கிப் போட்டது அவனுக்குத் தெரியுமா?”

“அவருக்கு பதிலே போகாது சார். ஆனா தட்டினது நமக்குத் தெரியும்.”

எதிரிக்கும் மரியாதை கொடுக்கிற பெண் என்று நினைத்துக்கொண்டார் சுரேஷ்குமார். அடுத்த நிமிடமே அவருக்கு வேர்த்தது. “ஆயிரத்தொண்ணு, ஆயிரத்திரண்டு... படிப்படியா ஏறி வர்றான் பாரு! நாளைக்கு லாக் ஃபைலைத் திறந்ததும் அவங்க கண்ணுல இதுதான் படும். இந்த முகவரி தட்டினா எழுதவே கூடாதுன்னு ஒரு ரூல் போடு.”

“போட்டுடலாம் சார். சாயந்தரமா போட்டா ஆவாதா?”

“இப்பவே போடு!”

“சார், ப்ளீஸ் சார். ஒரு ரெண்டு மணி நேரம்...” அவள் குரல் உடைந்தது. ஆபீஸ் மேல் இவ்வளவு அக்கறையா என்று சுரேஷ்குமாருக்கே மனசு இளகிவிட்டது.

ஆனாலும் மேனேஜர் மேனேஜர்தானே. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால் தேடித் தேடி அந்த ரூலைத் தானே எழுதினார். லிஸ்ட்டின் அடியில், கடைசி ரூலுக்கும் கீழே அதைச் சேர்த்து சேவ் செய்தார். “இனிமே அவன் தட்டினா சத்தமே வராது!”

ரூல் போய் உட்கார்ந்த இடத்தை அன்புக்கரசி பார்த்தாள். மூன்று வாரமாக அவர் செய்த தப்பையெல்லாம் உடனுக்குடன் திருத்தி வந்தவள், அந்த ஒன்றை மட்டும் திருத்தவில்லை.

ஒரு மணி ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. சுரேஷ்குமாரும் பாவம், பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் தயிர் சாதத்தை விழுங்கினார்.

இரண்டு மணிக்குச் சிவப்பு வரி வந்தே விட்டது. 1004.

“நான்தான் ரூல் போட்டேனே! அதுவும் நடுவுல மூணை விட்டுட்டு நாலுக்குத் தாவிட்டான். பெரிய கை போலிருக்கே!”

அன்புக்கரசி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் உருண்டு போனது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“ஐயையோ, உள்ள வந்துட்டானா?”

“வெளிய வந்துட்டா சார்!” அவள் கண்ணீரோடு சிரித்தாள். “தட்டினது எங்க அக்கா வூட்டுக்காரர். போன் கூடாதேன்னு நேத்தே பேசி வெச்சது சார்: ஆயிரத்தொண்ணுன்னா வலி வந்தாச்சு, ரெண்டுன்னா லேபர் ரூம், மூணுன்னா பையன், நாலுன்னா பொண்ணு.”

“என்னம்மா உளர்றே?”

“நான் சித்தி ஆயிட்டேன் சார்!”