தாரகாவின் புது வீடு

பால் இன்னும் பொங்கவில்லை. லண்டன் ஹரோவில் காலை நேரம். குசினி மேசையில் சாய்த்து வைத்த போனுக்கு முன்னால் விஜயரத்தினம் வெளியே போகச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு நின்றார். பால் பொங்கியதும் அவர் லோயரிடம் போக வேண்டும். இந்த வீட்டை விற்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

போனுக்குள் ஆஸ்திரேலியா. தங்கை தாரகா பட்டுச் சேலை கட்டி, வெள்ளை வெளேரென்ற குசினியில் நின்றாள். மேடை மேல் சின்னக் கேஸ் அடுப்பு, அதன் மேல் பால் சட்டி.

"அவ்வளவு பெரிய அடுப்பு இருக்கேக்கை ஏன் பிள்ளை உந்தக் கேம்பிங் அடுப்பு?"

"புதுக் குசினியைப் பழுதாக்கவோ அண்ணை? இனிச் சமையல் எல்லாம் கராஜிலதான்."

"அப்ப குசினி என்னத்துக்கு? நிண்டு படம் எடுக்கவோ?"

தாரகா சிரித்தாள். விஜயரத்தினத்துக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கையின் முகத்தை அவர் இரண்டு வருடத்துக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறார்.

லண்டனிலேயே டூட்டிங்கில் ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தவளை அங்கே அனுப்பியது அவர்தான். மெல்பேர்னுக்கு அப்பால் ஒரு ஊர் வளருது, கோதுமை வயலெல்லாம் வீடாகுது, இங்க கிடந்து என்ன செய்யப் போறாய் என்று கேட்டுக் கேட்டு அனுப்பினார். வீடு கட்டும் கம்பனியையும் அவரே தேடிக் கொடுத்தார். அத்திவாரம் போட்டதோடு கம்பனி கடனில் மூழ்கியது.

ஊருக்கு மட்டும் சனம் வந்துகொண்டே இருந்தது. வாடகைக்கு ஒரு வீடு வந்தால் அதைப் பார்க்கத் தெரு முனை வரை வரிசை நின்றது. தாரகாவும் புருசன் ஆரணனும் பிள்ளையும் சக்கரம் பூட்டிய ஒரு கரவன் வண்டிக்குள் ஒடுங்கினார்கள். அன்றிலிருந்து தங்கை வீடியோவில் கூப்பிட்டால் விஜயரத்தினம் எடுப்பதில்லை. குரலோடு சரி.

கடைசியில் ஹரோ வீட்டை விற்று அவளுடைய வீட்டைக் கட்டிக் கொடுப்பது என்று முடிவெடுத்தார். தாங்கள் வாடகைக்குப் போவதாம். மனைவி பிரசாந்தினி அழுதாள், சண்டை பிடித்தாள், சாப்பிடாமல் கிடந்தாள். போன கிழமை எல்லாவற்றையும் திடீரென்று நிறுத்திவிட்டாள்.

நேற்றுத்தான் தாரகாவிடமிருந்து செய்தி வந்தது. வேறொரு கம்பனி பொறுப்பெடுத்து வீட்டை முடித்துவிட்டதாம். கட்டி முடியுமட்டும் சொல்லாமல் வைத்திருந்தார்களாம். பால் காய்ச்சுறம், வீடியோவில வாங்கோ.

"அங்க இப்ப பின்நேரமெல்லே?" விஜயரத்தினம் போனுக்குக் கிட்டக் குனிந்தார். "பின்நேரத்தில ஆராவது பால் காய்ச்சுவினமோ?"

"அங்கத்தை ஐயர் குடுத்த நேரமாம்," என்றாள் பக்கத்தில் நின்ற பிரசாந்தினி, தாரகா வாய் திறக்க முதல்.

"ஆரணன் எங்கை?"

"வாசல்ல ஒரு ஆளோட கதைச்சுக்கொண்டு நிக்கிறார். அவற்றை வாய் உங்களுக்குத் தெரியுந்தானே அண்ணை. பிடிச்சா விடமாட்டார்."

பால் பொங்கி வழிந்தது. தாரகா கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு போனைத் தூக்கி, கூடத்தைக் காட்டினாள், அறைகளைக் காட்டினாள். ஒவ்வொரு அறையிலும் கட்டில் விரித்து, தலையணை அடுக்கி வைத்திருந்தது. ஒரு சுருக்கம் இல்லை.

விஜயரத்தினம் கதிரையில் அமர்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை. நல்லா இருந்தவளை நான்தான் கொண்டுபோய்த் தள்ளினது. ஒரு நாள் நிம்மதியாப் படுக்கேல்லை."

"என்ன அண்ணை சின்னப் பிள்ளை மாதிரி? நான் உங்களை எப்பவாவது குறை சொன்னனானோ?"

"நீ சொல்லாததுதான் பிள்ளை கூடச் சுடுது."

தாரகா போனைத் திருப்பித் தன் முகத்தைக் காட்டினாள். பிறகு குரலை உயர்த்தினாள்.

"இப்ப வீடு வந்திட்டுதுதானே? இனி உங்கட வீட்டை விக்கிற கதை வேண்டாம். முதல்ல லோயருக்குச் சொல்லுங்கோ. என்ர கண்ணுக்கு முன்னால சொல்லுங்கோ."

பிரசாந்தினி தன் போனை நீட்டினாள். லோயரின் ஒபிசுக்கு மணி ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்தது. விஜயரத்தினம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தடுமாறின இங்கிலீசில், வீடு விற்பனைக்கு இல்லை என்றார். வாங்க இருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். வைத்தார்.

"பொறு பிள்ளை, உந்தப் பலகையைப் பிடுங்கிப்போட்டு வாறன்," என்று எழும்பி, பிள்ளையைப் போல வெளியே ஓடினார். முன் வேலியோரம் வீட்டு ஏஜென்ட் நட்டிருந்த 'விற்பனைக்கு' பலகையை அவர் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுவது ஜன்னலால் தெரிந்தது. தெருவில் போன யாருக்கோ என்னவோ சொல்லிச் சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்துக் கேட்டது பிரசாந்தினிக்கு மறந்துபோயிருந்தது.

அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேசையிலிருந்த போனை எடுத்தாள். திரையில் தாரகா பாலைத் தொட்டிக்குள் ஊற்றி, அடுப்பைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, அண்ணன் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணி, நீங்கள் சொன்னபடியே செய்திட்டன், சனம் பாக்க வைச்ச இந்த ஷோ ஹவுஸைப் பூட்டப் போயினமாம், நாங்கள் கரவனுக்குப் போறம்."